சல்லடையைச் சோதித்தல்

பெங்களூரிலிருந்து தெற்கே வரும் ஓசூர் சாலையில் ஒரு மணி நேரம் பயணம் செய்தால் இந்திய மருந்துத் தொழிலின் இரண்டு முகங்களையும் பார்த்துவிடலாம். எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா பக்கம் பயோகான், சின்ஜீன், ஆரிஜீன். இன்னும் மருந்தாகாத மூலக்கூறுகளைத் தேடும் ஆய்வகங்கள் அங்கே உண்டு. அத்திப்பள்ளியில் மாநில எல்லையைத் தாண்டி ஜூஜூவாடி வழியாக ஓசூருக்குள் நுழைந்தால் சிப்காட் தொழிற்பேட்டை. அங்கே மைக்ரோ லேப்ஸ் மருந்து தயாரிக்கிறது. குளோபல் கால்சியம் மருந்துகளுக்கான மூலப்பொருளைத் தயாரிக்கிறது. அந்தப் பக்கம் தேடல், இந்தப் பக்கம் தயாரிப்பு என்று கோடு கிழித்துச் சொன்னால் மிகைதான். பொம்மசந்திராவிலும் பெரிய உற்பத்திக் கூடங்கள் இருக்கின்றன. ஆனால் ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ உயிர்த்தொழில்நுட்பம் படித்த பிள்ளை தேடும் வேலைக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் எல்லை தாண்டித்தான் போக வேண்டும்.

அந்தத் தேடலில் ஒரு பகுதிக்கு மட்டும் ஆய்வகமே தேவையில்லை, ஒரு மடிக்கணினி போதும். நோய்க்குக் காரணமான புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் ஏற்றி, லட்சக்கணக்கான மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக அதன் குழிக்குள் பொருத்திப் பார்த்து, நன்றாகப் பொருந்துபவற்றை மட்டும் பொறுக்கி எடுப்பது. கணினிவழிச் சலித்தல் எனலாம். பொருத்திப் பார்க்கும் வேலைக்கு டாக்கிங் என்று பெயர். இன்று பரவலாகப் பயன்படும் ஆட்டோடாக் வினா என்ற மென்பொருள் 2010இல் வந்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் இறுதியாண்டு ஆய்வேடுகளில் டாக்கிங் இவ்வளவு மலிந்திருக்கிறது.

சலிப்பதற்குச் சரக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் விளையும் பெங்களூரா ரகத்தில் பெரும்பகுதி மாங்கூழ் ஆலைகளுக்குப் போகிறது. பழத்துக்கு ஏதோ ஒரு விலை கிடைக்கிறது. இலையையும் பட்டையையும் கேட்பாரில்லை. அந்த இலையிலும் பட்டையிலும் மாஞ்சிஃபெரின் என்ற வெளிர்மஞ்சள் பொருள் உண்டு. மூன்று வளையங்கள் ஒட்டிய தட்டையான உடல், பக்கவாட்டில் ஒரு சர்க்கரைத் துண்டு, சுற்றிலும் எட்டு ஹைட்ராக்சில் கைகள், மூலக்கூற்று எடை 422. சர்க்கரை நோய், புற்றுநோய், வைரஸ் என்று எந்தப் புரதத்தின் குழிக்குள் இறக்கினாலும் இது நல்ல ஸ்கோர் வாங்கும். எதனோடும் பொருந்துகிறது என்பதே சந்தேகப்பட வேண்டிய விஷயம் என்று எனக்குப் படுகிறது. அந்தச் சந்தேகத்தை எப்படித் தீர்த்துக்கொள்வது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கதை.

டாக்கிங்கில் இரண்டு வேலைகள். மூலக்கூறு குழிக்குள் எப்படியெல்லாம் உட்காரக்கூடும் என்று தேடுவது முதல் வேலை. அப்படி உட்கார்ந்த ஒவ்வொரு நிலைக்கும் மதிப்பெண் போடுவது இரண்டாவது.

தேடலே பெரிய காடு. வேதிப் பிணைப்புகள் பலவும் அச்சாணிபோலச் சுழலும். பத்துப் பிணைப்புகள் சுழலும் ஒரு பெப்டைடை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிணைப்புக்கும் 0 முதல் 360 பாகை வரை பத்துப் பத்துப் பாகையாக 37 நிலைகள் பார்த்தால், மொத்தச் சேர்க்கைகள் 37ஐப் பத்துமுறை பெருக்கிய எண்ணிக்கை. சுமார் 4,800 லட்சம் கோடி. இதற்கு மேல், மூலக்கூறு முழுவதும் மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் திரும்பலாம். ஒன்று விடாமல் பார்ப்பது நடக்காத காரியம்.

இந்தக் காட்டுக்குள் ஒரு குறுக்குவழி சென்னை கிண்டியில் போடப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் படிகவியல், உயிரியற்பியல் துறையில் என். கௌதம் குழுவினர் 2003இல் இலத்தீன் சதுரங்களை வைத்து ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒரு கட்டத்தில் எண்களை நிரப்ப வேண்டும். எந்த வரிசையிலும் எந்த நிரலிலும் ஒரே எண் இருமுறை வரக்கூடாது. அதுதான் இலத்தீன் சதுரம். சுடோகு போடுபவர்களுக்கு உடனே பிடிபடும். இப்படிப்பட்ட இரண்டு சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கிடைக்கும் எண் ஜோடிகளில் எதுவுமே திரும்ப வராது என்றால், அவை ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. உழவர்களுக்கும் இதில் பங்கு உண்டு: வயலில் உரச் சோதனை நடத்தும் புள்ளியியலாளர்கள் பாத்தி பிரிப்பதற்கு இலத்தீன் சதுரத்தைத்தான் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். குறிப்பிட்ட சில அளவுகளில் செங்குத்துச் சதுர ஜோடிகளே கிடையாது என்று ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் ஊகித்திருந்தார். 1959இல் அந்த ஊகத்தை உடைத்த மூவரில் ஆர்.சி. போஸ், எஸ்.எஸ். ஸ்ரீகண்டே ஆகிய இருவர் இந்தியர்கள். நம் கதைக்கு இது தேவையில்லைதான். சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கௌதம் குழு என்ன செய்தது? 37 ஒரு பகா எண் என்பதால் அந்த அளவில் செங்குத்துச் சதுரங்கள் வேண்டிய மட்டும் கிடைக்கும். ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு சதுரத்தை ஒதுக்கினால், கட்டத்தின் 37 × 37 = 1,369 இடங்களும் 1,369 வடிவங்களாகின்றன. எந்த இரண்டு பிணைப்புகளை எடுத்துக்கொண்டாலும், அவற்றின் கோண ஜோடிகள் அனைத்தும் இந்த 1,369க்குள் ஒருமுறை வந்துவிடும். ஆற்றலை இவற்றுக்கு மட்டும் கணக்கிட்டு, ஒவ்வொரு பிணைப்புக்கும் எந்தக் கோணம் சராசரியில் நல்லது என்று பார்த்தால், ஆற்றல் குறைந்த வடிவம் ஒன்று கிடைக்கிறது. சதுரங்களை மாற்றி அடுக்கினால் இன்னொன்று. 2009இல் இதே முறையைப் புரதக் குழிக்குள் மூலக்கூறைப் பொருத்துவதற்கு நீட்டி மோல்ஸ்டாக் என்று பெயரிட்டார்கள். பிறகு, விருந்தாளி வந்ததும் புரதமும் தன் பக்கச் சங்கிலிகளை அசைத்து இடம்கொடுக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் ஐமோல்ஸ்டாக் வந்தது.

கிண்டியில் இது நடந்தது தற்செயல் அல்ல. அந்தத் துறையைத் தொடங்கியவர் ஜி.என். ராமச்சந்திரன். 1963இல் அவரும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் எளிமையான ஒரு கேள்வி கேட்டார்கள்: புரதச் சங்கிலியின் எந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்? இடிக்கும் கோணங்களை நீக்கியபின் மிஞ்சியதை வரைபடமாக்கினார்கள். உலகம் முழுவதும் ராமச்சந்திரன் வரைபடம் என்று அறியப்படுவது அதுதான். பின்னர் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போய் மூலக்கூற்று உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார்.

அணுக்கள் இடிக்கின்றனவா என்ற அந்தப் பழைய கேள்விக்கு இன்றும் வேலை இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு டாக்கிங் முறைகள் அண்மையில் வந்தபோது, பழைய முறைகளைத் தோற்கடித்துவிட்டதாகப் பெரிய பேச்சு. 2023இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் போஸ்பஸ்டர்ஸ் என்ற சோதனையைக் கொண்டுவந்தார்கள். பிணைப்பு நீளம் சரியா, வளையம் தட்டையாக இருக்கிறதா, மூலக்கூறு புரதத்தை இடிக்கிறதா என்று பார்க்கும் அடிப்படைச் சோதனை. அந்தப் புதிய முறைகள் தந்த விடைகளில் பலவும் இதிலேயே விழுந்தன. இடம் ஏறக்குறையச் சரியாக இருந்தது. ஆனால் இயற்கையில் இருக்கவே முடியாத வடிவம்.

தேடலுக்குக் குறுக்குவழி உண்டு. மதிப்பெண் போடுவதில்தான் இந்தத் துறை நாற்பது ஆண்டுகளாகத் திணறுகிறது. கலிஃபோர்னியாவில் குன்ட்ஸ் குழு முதல் டாக்கிங் நிரலை 1982இல் வெளியிட்டது. அதிலிருந்தே இந்தத் தலைவலி தொடர்கிறது. மூலக்கூறு எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைக் கிலோகலோரிகளில் சொல்வார்கள். அறை வெப்பநிலையில் 1.4 கிலோகலோரி கூடினால் பிடிமானம் பத்து மடங்கு கூடியதாகப் பொருள். வினா போன்ற மென்பொருள்களின் வழக்கமான பிழையோ 2 முதல் 3 கிலோகலோரி. ஆக, வலிமையான மருந்தையும் அதில் நூற்றில் ஒரு பங்கு வலிமைகூட இல்லாத சரக்கையும் ஸ்கோர் ஒரே தட்டில் வைத்துவிடக்கூடும். ஆய்வேட்டில் ஒரு மூலக்கூறுக்கு −8.7, இன்னொன்றுக்கு −8.4 என்று போட்டு முன்னது சிறந்தது என்று எழுதியிருந்தால், அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

பிழை எங்கிருந்து வருகிறது? மாஞ்சிஃபெரினின் எட்டுக் கைகளைப் பாருங்கள். ஒவ்வொரு கையும் புரதத்தில் ஒன்றைப் பிடித்தால் ஸ்கோர் கூட்டிப் போடுகிறது. ஆனால் குழிக்குள் வருவதற்கு முன் அதே கைகள் தண்ணீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. அந்தப் பிடியை விட்டு வர ஒரு விலை கொடுக்க வேண்டும். வரவையும் செலவையும் கழித்துப் பார்த்தால் நிகர லாபம் சில சமயம் பூஜ்யம். எளிய ஸ்கோர்கள் வரவை நன்றாக எண்ணுகின்றன, செலவைத் தோராயமாக. அணுக்கள் கூடக் கூடத் தொடும் இடமும் கூடும் என்பதால் பெரிய மூலக்கூறுகளுக்கு இலவசமாகவே மதிப்பெண் சேரும். ஆக, மாஞ்சிஃபெரின் எங்கேயும் ஜெயிப்பதற்கு அதன் மருத்துவ குணம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கைகளும் உடற்பருமனுமே போதும். வாய்வழி மருந்துகளுக்கு லிபின்ஸ்கி 1997இல் சொன்ன வரம்பு, ஹைட்ரஜன் கொடுக்கும் கைகள் ஐந்துக்கு மேல் கூடாது என்பது. இதற்கு எட்டு. விழுங்கினால் இரத்தத்துக்குள் போவது மிகக் கொஞ்சம்.

மூலிகைப் பொருள்களை ஒட்டுமொத்தமாக ஒதுக்கச் சொல்லவில்லை. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் கழகத்தில் அரிஜித் சமல் குழு இம்பாட் என்ற தரவுத்தளத்தை உருவாக்கியது. 2018இல் 1,742 இந்திய மூலிகைகளும் 9,596 வேதிப்பொருள்களும் இருந்தன. 2023இல் வந்த இரண்டாம் பதிப்பில் 4,010 தாவரங்கள், 17,967 வேதிப்பொருள்கள். முப்பரிமாண வடிவங்களோடு யாரும் இறக்கிக்கொள்ளலாம். அவர்களே பல மருந்துத்தன்மை விதிகளைப் போட்டுச் சலித்தபோது எல்லாவற்றிலும் தேறியவை 1,335 மட்டுமே. கல்லூரிகளில் டாக்கிங்குக்கு எடுக்கும் பட்டியல் இந்த 1,335இலிருந்து தொடங்கினால் பாதி வீண்வேலை மிச்சமாகும்.

சரி, ஒரு ஸ்கோர் முறை மற்றொன்றைவிட நல்லது என்று எப்படிச் சொல்வது? சலித்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஒரு புரதத்தைப் பிடிப்பதாக ஏற்கெனவே நிரூபணமான 100 மூலக்கூறுகளை, பிடிக்காத 9,900த்தோடு கலந்து கொடுக்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு 100 எடுத்தால் சராசரியாக ஒன்று சிக்கும். முறை எடுத்துத் தரும் முதல் 100இல் 20 இருந்தால் அது 20 மடங்கு செறிவூட்டியிருக்கிறது. எளிமையாகத் தெரிகிறது. சூட்சுமம் எல்லாம் அந்த 9,900இல் இருக்கிறது. அரிசியில் கல் பொறுக்குவது எளிது, பொன்னியில் கலந்த வேறொரு சன்ன ரகத்தைப் பொறுக்குவதுதான் கடினம். பிடிக்காதவை எல்லாம் சின்னஞ்சிறு மூலக்கூறுகளாகவும் பிடிப்பவை எல்லாம் பெரியவையாகவும் இருந்தால், எடையை மட்டும் பார்க்கும் எந்த மக்கு நிரலும் முதலிடம் வாங்கிவிடும்.

அதனால் ஏமாற்று மூலக்கூறுகளைக் கவனமாகத் தேர்ந்தெடுக்கும் கலை ஒன்று வளர்ந்தது. டெக்காய் என்பார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஷாய்செட் குழு 2006இல் ஒரு தொகுப்பையும் 2012இல் டட்-ஈ என்ற விரிவான தொகுப்பையும் வெளியிட்டது. டட்-ஈயில் 102 புரதங்கள், 22,886 செயல்படும் மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஐம்பது டெக்காய்கள். எடை, மின்னூட்டம், எண்ணெயில் கரையும் தன்மை, சுழலும் பிணைப்புகள் எல்லாவற்றிலும் டெக்காய் அசலோடு ஒத்துப்போகும். ஒன்றில் மட்டும் வேறுபடும்: அணுக்கள் இணைந்திருக்கும் அமைப்பு. அமைப்பும் ஒத்துப்போனால் டெக்காயே புரதத்தைப் பிடித்துவிடுமோ என்ற பயத்தில் அப்படி வைத்தார்கள். டெக்காய்கள் உண்மையிலேயே பிடிக்கவில்லை என்று யாரும் சோதனைக் குழாயில் பார்க்கவில்லை, ஊகம்தான்.

அமைப்பில் வைத்த வேறுபாடு என்ற ஓட்டை வழியாகத்தான் திருடன் வந்தான். ஆழ்கற்றல் நிரல்கள் டட்-ஈயில் பயிற்சி பெற்று அபாரமான மதிப்பெண் வாங்கின. 2019இல் வெளியான ஓர் ஆய்வு வேண்டுமென்றே ஒரு குறும்பு செய்தது: உள்ளீட்டிலிருந்து புரதத்தையே எடுத்துவிட்டது. குழி கிடையாது, பொருத்தம் கிடையாது, மூலக்கூறு மட்டும். மதிப்பெண் ஏறக்குறைய அப்படியே இருந்தது. நிரல் ஒருநாளும் புரதத்தைப் பார்க்கவில்லை. அசலின் சாயலையும் டெக்காயின் சாயலையும் மனப்பாடம் செய்திருந்தது. இந்தத் துறையின் பெரிய முன்னேற்றம் எது என்று என்னைக் கேட்டால், எந்த அதிவேகக் கணினியையும்விட முன்னால் இந்தக் குறும்பைத்தான் வைப்பேன். புரதத்தை எடுத்துவிட்டும் வேலை செய்யும் முறையால் புதிய புரதத்துக்கு மருந்து தேட முடியாது.

தமிழ்நாட்டில் இந்தச் சோதனைக் குறைபாடு பளிச்சென்று தெரிந்த ஆண்டு 2020. கொரோனா வைரஸின் முதன்மை புரோட்டியேஸ் என்ற புரதத்தின் வடிவம் அந்த ஆண்டு பிப்ரவரி தொடக்கத்திலேயே புரதத் தரவு வங்கியில் பொதுவில் வந்துவிட்டது. ஊரடங்கில் ஆய்வகம் பூட்டியிருக்க, மடிக்கணினி திறந்திருந்தது. உலகம் முழுவதும் டாக்கிங் கட்டுரைகள் கொட்டின. அரசே வழங்கிய கபசுரக் குடிநீரின் மூலப்பொருள்களில் உள்ள வேதிப்பொருள்களையும் வைரஸின் முள்புரதத்தோடு பொருத்திப் பார்த்துக் கட்டுரை வந்தது. அப்படிச் செய்ததில் தவறில்லை. ஆனால் டாக்கிங்கோடு நின்றுவிடும் கட்டுரைகள், ஸ்கோர் நல்லது என்பதை மருந்து வேலை செய்கிறது என்பதாக வாசகரை நம்பவிட்டன. தெரிந்த மருந்துகளையும் டெக்காய்களையும் கலந்து, அந்த முறை அவற்றைப் பிரிக்கிறதா என்று முதலில் பார்த்த கட்டுரைகள் அரிது.

அதே முதன்மை புரோட்டியேஸை ஜப்பானில் ஷியோனோகி நிறுவனம் எடுத்துக்கொண்டது. தன் கையிருப்பு மூலக்கூறுகளைக் கணினியில் சலித்து, தேறியவற்றை உடனே சோதனைக் குழாயில் போட்டுப் பார்த்தது. கிடைத்த முதல் மூலக்கூறு சுமாரானது. புரோட்டியேஸைப் பாதி முடக்க 8.6 மைக்ரோமோலார் தேவைப்பட்டது. வேதியியலாளர்கள் அதைச் செதுக்கிச் செதுக்கி 0.013க்குக் கொண்டுவந்தார்கள். என்சிட்ரெல்வீர் என்ற அந்த மருந்துக்கு 2022 நவம்பரில் ஜப்பான் அவசரகால அனுமதி கொடுத்தது. கணினி தந்தது மருந்து அல்ல, தொடங்குவதற்கு ஓர் இடம். ஒரு சல்லடையிடம் கேட்க வேண்டியதும் அவ்வளவுதான்.

இன்னொரு பாடம் 2019இல் ஷாய்செட் குழுவினர் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. இதுவரை யாரும் தயாரிக்காத, ஆனால் கேட்டால் தயாரித்துத் தரக்கூடிய மூலக்கூறுகளில் 13.8 கோடியை டோபமைனின் டி4 ஏற்பியோடு பொருத்திப் பார்த்தார்கள். எண்ணிக்கைதான் செய்தியானது. எனக்குப் பிடித்தது வேறு. தயாரித்துச் சோதித்த 549 மூலக்கூறுகளை முதல் வரிசையிலிருந்து மட்டும் எடுக்காமல், நடுவிலிருந்தும் கீழிருந்தும் எடுத்தார்கள். ஸ்கோர் இறங்க இறங்க வேலை செய்பவையின் விகிதமும் இறங்கியது. ஸ்கோருக்கு ஏதோ பொருள் இருக்கிறது என்று அப்படித்தான் நிரூபிக்க முடியும்: தோற்கும் என்று தானே சொன்னவற்றையும் காசு கொடுத்துச் செய்து பார்ப்பது. கணினிவழித் தேடல் முறைகளை ஒப்பிட டொராண்டோவிலிருந்து நடக்கும் கேஷ் போட்டிகளின் முதல் சுற்றில் 23 குழுக்கள், பார்க்கின்சன் நோயோடு தொடர்புள்ள ஒரு புரதத்துக்குக் கிட்டத்தட்ட 2,000 மூலக்கூறுகளை முன்மொழிந்தன. சோதித்தவர்கள் வேறு ஆட்கள். சிக்கியவை குறைவு, அவையும் தளர்வாகவே பிடித்தன. போட்டியாளர்களின் கட்டுரைகளை மட்டும் படித்தவர்களுக்கு அந்த முடிவு அதிர்ச்சியாக இருந்திருக்கும்.

இனி, கிருஷ்ணகிரிக் கல்லூரியொன்றில் மாஞ்சிஃபெரினை வைத்து ஆய்வேடு எழுதப்போகும் மாணவி என்ன செய்யலாம்? முதலில், படிக வடிவத்தில் புரதத்தோடு ஏற்கெனவே இருக்கும் மூலக்கூறை வெளியே எடுத்து, மறுபடி டாக்கிங் செய்து, அதே இடத்தில் 2 ஆங்ஸ்ட்ராம் வித்தியாசத்துக்குள் வந்து உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் மேற்கொண்டு போவது வீண். அடுத்து, அந்தப் புரதத்தைப் பிடிப்பதாகத் தெரிந்த பத்திருபது மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஐம்பது டெக்காய்கள். முறை இவற்றைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் மாஞ்சிஃபெரினின் முறை. அதையும் தொடர்பே இல்லாத ஐந்தாறு புரதங்களோடு பொருத்திப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே ஸ்கோர் வந்தால், அது சொல்வது மாஞ்சிஃபெரினின் எடையைப் பற்றியது. இதற்கெல்லாம் தனியாகச் செலவு கிடையாது, ஒரு வாரக் கணினி நேரம்தான்.

எல்லாம் தேறினாலும் சோதனைக் குழாய் பாக்கி இருக்கிறது. அங்கேயும் ஏமாற்று உண்டு. ஈரோட்டு மஞ்சளின் குர்குமின் எத்தனையோ சோதனைகளில் வெற்றி பெற்றது. 2017இல் வந்த விரிவான மதிப்பாய்வு, 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளுக்குப் பிறகும் நோயாளிக்கும் மருத்துவருக்கும் மறைத்து நடத்திய ஒன்றில்கூட அது தேறவில்லை என்றது. அந்தப் பொருள் நிலையற்றது, ஒளிர்ந்து கருவியைக் குழப்பும், எதோடும் வினைபுரியும். இப்படிப்பட்ட ஏமாற்றுகளில் ஒன்றைக் கண்டுபிடிக்க மலிவான வழி உண்டு. டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சலவைப்பொருளை 0.01 விழுக்காடு அளவுக்குச் சோதனைக் குழாயில் சேர்த்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அதைச் சேர்த்ததும் விளைவு மறைந்துபோனால், புரதத்தின் குழிக்குள் எதுவும் உட்காரவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். கரையாத மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து உருண்டைகளாகி, புரதங்களைத் தம் மேற்பரப்பில் ஒட்டவைத்து முடக்கியிருக்கும்.